பெயர் போட்டவன் பதில் சொல்லட்டும்

மியூனிக்,
19 ஜனவரி 2025

அன்புள்ள ஸ்டெபிக்கு,

அனுப்பியவன் பெயரைப் பார்த்ததுமே அழித்துவிடத் தோன்றும். படித்துவிட்டு அழி. இது கம்பெனி முகவரி இல்லை, என் சொந்த மின்னஞ்சல். தமிழில் எழுதி வெகுநாளாயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கம்பைலர் திட்டத்தில் கிராபிக்ஸ் கார்டு பகுதிக்கு இனி நீதான் பொறுப்பாளர் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிற ஓப்பன் சோர்ஸ் வேலையில், பின்னால் ஒரு கம்பெனியும் இல்லாமல் தூத்துக்குடியில் இருந்துகொண்டே இந்த இடத்துக்கு வருவது லேசு இல்லை. எங்கள் ஆபீசில்கூட, இந்தப் பெண் உங்கள் ஊரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணமாக நிரல் எழுதுகிறவன் அதிலேயே ஒரு சொல்லைச் சேர்த்து, 'இந்த வேலையை மட்டும் கார்டில் ஓட்டு' என்று சொல்லும்படி நாம் மொழிக்குச் சேர்த்த நீட்சி உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக அது பரிசோதனை நிலையிலேயே இருக்கிறது. மீதிப் பகுதிகளை அனுப்பி இந்த வருஷ வெளியீட்டில் நிரந்தரமாக்கிவிடுவோம் என்று எங்கள் கம்பெனி வாடிக்கையாளர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டது. என் வேலையும் விசாவும் அதில்தான் தொங்குகின்றன. இனி நான் அனுப்பும் ஒவ்வொரு வரியும் உன் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

பழையதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். அதைப் பற்றி ஒருநாள் நேரில் பேச வேண்டும். பர்னபாஸ் அண்ணன் எப்படி இருக்கிறார்? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஜெர்சன்


திரேஸ்புரம்,
2 பிப்ரவரி 2025

ஜெர்சன்,

அண்ணனைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். சங்கு குளிக்கப் போன இடத்தில் அடியிலிருந்து சட்டென்று மேலே ஏறியதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று என்பது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நீ விசாரிக்கவில்லை. இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை பின்னிக் கொடுக்கிறான். கடல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார மாட்டான்.

'நாம் சேர்த்த நீட்சி' என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த 'நாம்' உனக்கு வரவில்லையே. திட்டத்துக்கு எதை அனுப்பினாலும் கடைசியில் ஒரு வரி உண்டு. இது என் சொந்த எழுத்து என்று உறுதி சொல்லிப் பெயர் போடும் வரி. நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மூத்திரப்பை மாற்றிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டு மாடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியதற்கெல்லாம் கீழே நீ உன் பெயரை மட்டும் போட்டு அனுப்பினாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. ஊருக்குத் திரும்பி, நீ அனுப்பியது தெரியாமல் நானும் என் பகுதியை அனுப்பினேன். இது ஏற்கெனவே ஜெர்சன் பெயரில் வந்துவிட்டது, நீ அவருடையதைப் பிரதி எடுத்திருக்கிறாய் என்று எல்லாரும் பார்க்கும் இணைய மன்றத்தில் திட்டத்தின் நிர்வாகக் குழுவினர் எழுதினார்கள். ஒரு வருஷம் எதுவும் அனுப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். எனக்குக் கிடைக்க இருந்த உதவித்தொகையை நிறுத்தினார்கள். அவர்கள் உன்னிடம் கேட்டார்கள், இல்லையா? நீ பதில் எழுதவில்லை. நீ வாயைத் திறக்காததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நான் அழுவதைப் பார்த்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிரலை எந்திரத்துக்குப் புரியும் மொழியில் மாற்றித் தருவது கம்பைலர் என்பதும் அவளுக்குத் தெரியாது, கார்டும் தெரியாது. "ஏளா, நீ யாரு சாமான எடுத்த?" என்று மெதுவாகக் கேட்டாள். உனக்கு நெத்திலி பொரித்துப் போட்ட அதே அம்மா.

பகலில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கண்டெய்னர் எண்களைப் பதிவு செய்கிறேன். தடை முடிந்ததிலிருந்து, வேறு யாரும் தொட விரும்பாத பழைய பிழைகளாகப் பார்த்துச் சரிசெய்தேன். இந்த இடத்தை யாரும் எனக்குத் தானமாகத் தரவில்லை. ஒருநாள் நீ மீதியை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று தெரியும். அன்றைக்கு இந்த இடத்தில் நான் இருக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

பயப்படாதே. பொய்யாக ஒரு வார்த்தை எழுத மாட்டேன். உன் வரிகள் எல்லாவற்றையும் படிப்பேன். அவ்வளவுதான்.

ஸ்டெபி


மியூனிக்,
6 ஏப்ரல் 2025

ஸ்டெபிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாளாயிற்று. எழுத உட்காரும்போதெல்லாம் நீ திருப்பி அனுப்பிய இன்னொரு நிரல் திருத்தம் வந்து நிற்கிறது.

ஒன்றையும் நீ உள்ளே விடவில்லை. மறுப்புகளைப் படித்தேன். எதிலும் தவறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்கள் அனுப்பும்போது, சின்னக் குறைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறாய். எனக்கு மட்டும் அந்த அப்புறம் கிடையாது. இங்கே என் மேனேஜர் தினமும் கேட்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய கார்டுகளில் ஓட்டினால் நிரல் சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. பிழையும் காட்டாது, முடியவும் முடியாது. எந்த நேரத்தில் நிற்கும் என்று சொல்ல முடிவதில்லை. பிப்ரவரியிலிருந்து தேடுகிறேன். நீ பார்த்திருப்பாய். பார்த்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உனக்குக் காரணம் தெரியும்தானே?

நான் ஒரு வழி யோசித்தேன். இனி வரும் திருத்தங்களில் உன் பெயரையும் சக ஆசிரியராகச் சேர்த்துவிடுகிறேன். கம்பெனியில் பேசி, உனக்கு ஆலோசகர் என்று ஏதாவது ஏற்பாடு செய்யவும் முடியும். பழையதைக் கிளறாமல், இனிமேல் நடப்பதை நியாயமாக வைத்துக்கொள்வோம்.

ஜெர்சன்


திரேஸ்புரம்,
13 ஏப்ரல் 2025

ஜெர்சன்,

இன்று குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். கோபம் தணிந்திருக்குமோ என்று பார்த்தேன், தணியவில்லை.

எனக்கு ஆலோசகர் பதவி வேண்டாம். பழையதைக் கிளறாமல் நியாயம் என்று ஒன்று இருப்பதும் எனக்குத் தெரியாது. என்னைத் திருடி என்று எழுதிய அதே மன்றத்தில், எல்லாரும் படிக்கும் இடத்தில், நடந்ததை உன் கையால் எழுது. எது என்னுடையது, எது உன்னுடையது, நீ ஏன் பேசாமல் இருந்தாய் என்று. அதற்குக் குறைந்த எதையும் கொண்டுவராதே.

நிரல் நின்றுபோவதற்குக் காரணம் தெரியுமா என்று கேட்டாய். தெரியும். முதல் நாளே தெரிந்தது. உன்னிடம் சொல்ல மாட்டேன். கீழே உன் பெயர்தான் இருக்கிறது. உன் சொந்த எழுத்து என்று உறுதி சொல்லியிருக்கிறாய். உன் எழுத்தை நீ படித்துக் கண்டுபிடி.

ஸ்டெபி


மியூனிக்,
25 மே 2025

ஸ்டெபி,

நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்கு வேண்டியது கம்பைலர் இல்லை, என் தலை. ஆகவே திட்டத்தின் நிர்வாகக் குழுவுக்கு முறையாகப் புகார் அனுப்பிவிட்டேன். பொறுப்பாளர் தனிப்பட்ட பகையால் ஒருவரின் வேலையைத் தடுக்கிறார், அவரை மாற்ற வேண்டும் என்று. கம்பெனி வக்கீலும் கையெழுத்திட்டிருக்கிறார்.

என் பக்கத்தையும் ஒருதடவை கேள். அந்தச் சமயத்தில் நீ நம் வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வாரங்கள் ஆகியிருந்தன. போன் செய்தால் அம்மாதான் எடுப்பார்கள். "அவ எதுவும் பேசுத நெலமைல இல்லய்யா, அவள விட்ரு" என்பார்கள். வேலை தர என் பெயரில் வந்த நிரலை இந்தக் கம்பெனி கேட்டது, கெடு முடிய இருந்தது. எங்கள் அப்பா நாசரேத் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். தங்கை ஜெபகனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதலில் அனுப்பிவிடுவோம், உன் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்வோம் என்றுதான் நினைத்தேன். பிறகு சேர்த்தால் முதலில் ஏன் விட்டாய் என்று கேட்பார்களே என்று பயந்தேன். உன்னைப் பிரதி எடுத்தவள் என்று எழுதியபோது மேலும் பயந்தேன். பயந்தவன் என்று சொல், ஏற்கிறேன். திருடன் என்று சொல்லாதே.

இரண்டு வருஷம் தினமும் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி உன் வீட்டு மாடிக்கு வந்தவன் நான். அது எதுவும் உனக்கு ஞாபகம் இல்லையா?

ஜெர்சன்


திரேஸ்புரம்,
29 ஜூன் 2025

ஜெர்சன்,

நிர்வாகக் குழுவின் காணொளிக் கூட்டம் முடிந்து நீ இணைப்பை அணைத்துவிட்டுப் போன விதத்தைப் பார்த்தால், எழுத மாட்டாய் என்று தோன்றியது. ஆகவே நான் எழுதுகிறேன்.

குழுவிடம் நான் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததையும் சொல்லவில்லை. என் மறுப்புகள் எல்லாம் பொதுவில்தான் இருந்தன. உன் புகாரினால்தான் அவர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தார்கள். எதிலும் பழுது இல்லை என்று அவர்களே சொன்னார்கள். இரண்டு பேரும் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதும் உன் புகாரினால்தான். எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கொடுத்தார்கள். கேட்டேன்.

அன்றைக்கு உன்னால் சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்கிறேன். இனி அது உனக்கு எந்தப் பயனும் தராது.

கார்டுக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்கின்றன. எல்லாரும் வந்து சேரும்வரை இங்கே நில் என்று அவற்றுக்கு ஒரு கட்டளை உண்டு. நிரலை வேகமாக்குகிறேன் என்று கம்பைலர் அந்தக் கட்டளையை ஒரு கிளைப்பாதைக்குள் நகர்த்திவிட்டால், அந்தப் பாதையில் வந்தவை நிற்கும். வேறு பாதையில் போனவை வரவே வராது. நின்றவை நின்றுகொண்டே இருக்கும். அந்தக் கட்டளையை மட்டும் நகர்த்தாதே என்று கம்பைலருக்குச் சொல்ல நான் சில வரிகள் எழுதியிருந்தேன். போன வருஷம் நீ அவற்றை எடுத்துவிட்டு, தேவையற்ற சோதனையை நீக்கி வேகத்தைக் கூட்டினேன் என்று குறிப்பும் எழுதினாய்.

"அந்த வரிகள் எதற்காக எழுதப்பட்டன?" இதுதான் நான் கேட்டது. எழுதியவனாக இருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாய். நீ தண்ணீர் குடித்தாய். பிறகு, ஞாபகமில்லை என்றாய். உன் மேனேஜர் உன்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாடியும் பஸ்ஸும் ஞாபகம் இருக்கிறதா என்றாய். அவை இல்லாவிட்டால் உன்னை எப்போதோ மறந்திருப்பேன்.

ஸ்டெபி


நாசரேத்,
24 ஆகஸ்ட் 2025

ஸ்டெபி,

கம்பெனி என்னை விலக்கிவிட்டது. ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சாயங்காலம் சபை ஆராதனைக்கு என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனார். அன்றிலிருந்து தனியாகத்தான் போகிறார்.

போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ உள்ளறையில் இருந்தாய், தெரியும். கதவு சாத்தியிருந்தது, உன் செருப்பு வாசலில் கிடந்தது. அண்ணன்தான் கூப்பிட்டார். "ஏலே ஜெர்சன், ஏன் வெயில்ல நிக்க? உள்ள வா" என்றார். அவர் நாற்காலியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆரம்பித்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "என் காலு போனதுக்கும் ஒனக்கும் சம்மந்தமில்ல. நான் அவசரப்பட்டு ஏறுனேன், அது என் தப்பு. ஆனா அவளுக்கு நீ செஞ்சத நான் மன்னிக்க முடியாதுல்லா. அந்த மன்னிப்பு அவ சொத்து. நான் எடுத்துக் குடுத்தா நானும் ஒன்ன மாதிரிதான்" என்றார். சத்தமே போடவில்லை. பிறகு, காப்பி ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

திரும்பும்போது பஸ் ஆத்தூர் தாண்டும்வரை எனக்கு அவர் சொன்னதுதான் காதில் இருந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இன்று காலையில் மன்றத்தில் போட்டுவிட்டேன். வடிவமைப்பு உன்னுடையது, அந்த வரிகள் உன்னுடையவை, நீ பிரதி எடுக்கவில்லை, நான் எடுத்தேன், கேட்டபோது பேசாமல் இருந்தேன். எல்லாம் எழுதியிருக்கிறேன். பயந்தேன் என்று எழுதவில்லை. திருடினேன் என்றே எழுதினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதப்போவதாக அறிவிப்புப் பார்த்தேன். புதுச் சொற்களைப் படிக்கும் பகுதியும், தப்பாக எழுதினால் என்ன தப்பு என்று விளக்கும் பிழைச்செய்திகளும் நான் எழுதியவை. உனக்கும் தெரியும். என் பெயரில் எஞ்சியிருப்பது அவ்வளவுதான். அதை விட்டுவை. வேலை தேட எனக்கு வேறு எதுவும் இல்லை.

ஜெர்சன்


திரேஸ்புரம்,
5 அக்டோபர் 2025

ஜெர்சன்,

நீ எழுதியதைப் படித்தேன். தடையைத் தவறு என்று அறிவித்து, குழு என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது. அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம், "அவன பெத்தவுக என்ன பாடு படுதாவளோ" என்றாள். எனக்கு அந்த இரக்கம் வரவில்லை. வராததற்கு வருத்தமும் இல்லை.

நீ வந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அண்ணன் உனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னதற்காக அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவன் உன்னை அன்போடு நடத்துவது அவன் இஷ்டம் என்று பிறகு விட்டுவிட்டேன்.

நீட்சியைத் திரும்ப எழுதிவிட்டேன். பெரிய கார்டுகளில் ஓட்டிப் பார்த்தார்கள், எங்கேயும் நிற்கவில்லை. போன வாரம் வெளியீட்டில் சேர்ந்துவிட்டது.

உன் பகுதியைப் பற்றிக் கேட்டாய். அதையும் முதலில் எடுத்தேன். உன் வரி ஒன்றுகூட இல்லாமல் நானே எழுதினேன். ஓடியது. ஆனால் பிழைச்செய்திகள் உன்னுடையது மாதிரி இல்லை. தப்புச் செய்தவனுக்கு எங்கே தவறினோம் என்று புரியவில்லை. அதனால் உன்னுடையதையே திரும்ப வைத்தேன், கீழே என் பெயரைப் போட்டேன். யார் கேட்கப்போகிறார்கள்? உன் பேச்சை இனி யார் நம்புவார்கள்? அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் நீ தெரிந்துகொள்.

பிறகு என் பெயரை அழித்து உன் பெயரைப் போட்டு அனுப்பினேன். போய்ப் பார், இருக்கும். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சாகும்வரை என்னைப் பற்றி ஒரு குறை சொல்ல உனக்கு இடம் இருக்கக் கூடாது. என் பெயரைப் போட்டிருந்தால், ஸ்டெபியும் அப்படித்தானே செய்தாள் என்று நீ ஒருநாள் நிம்மதி அடைந்திருப்பாய். அந்த நிம்மதியை உனக்கு நான் தர மாட்டேன்.

நேற்றுச் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நீ வேலைக்கு மனுப்போட்டிருக்கிறாயாம். உன்னோடு வேலை செய்தவள் என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். பிழைச்செய்திகளை அவனைப் போலத் தெளிவாக எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை என்றேன். அடுத்தவர் வேலை அவன் கையில் இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. இனி யார் கேட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் படிப்பேன். என்னிடமிருந்து எதுவும் வராது.

ஸ்டெபி